புகை படிந்த நார்

அத்தியாயம் 7

சேனாதிபதி எங்களுக்குக் காப்பி கொடுத்தார், தன் வெள்ளிக் கப்பைக் காட்டினார், திருடனின் பெயரையும் சொன்னார். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டு, "இனிமே உங்க சோலிதாங்க" என்று சோபாவில் சாய்ந்துகொண்டார்.

"திருடன் பேரை நீங்களே சொல்லிட்டீங்க. எங்களுக்கு மிச்சம் என்னங்க இருக்கு, காப்பிதானா?" என்றேன்.

குருநாதன் என்னை முறைத்தார். அவர் துப்பறிவாளர். மதுரையில் அவர் பெயரில் ஒரு பலகை தொங்குகிறது. நான் ஆண்டிச்சாமி, அவருடைய உதவியாளன். பலகையில் எனக்கு இடம் இல்லை, அதனால் பேச்சில் கொஞ்சம் இடம் எடுத்துக்கொள்வேன்.

சேனாதிபதிக்குப் பழனி அடிவாரத்தில் கடைகள். யாத்திரைக் கூட்டத்தின் புண்ணியத்தில் கையில் காசு புரண்டது. சீமைக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்கார அம்மாளிடமிருந்து இந்தக் கோடைக்கானல் பங்களாவை வாங்கினார். பங்களாவோடு தோட்டம் வந்தது. தோட்டத்தோடு டாஃபடில் பைத்தியமும் வந்து ஒட்டிக்கொண்டது.

டாஃபடில் சீமைப் பூ. கிழங்கு அசல் வெங்காயம்போல இருப்பதால் தோட்டக்காரர்கள் அதை வெங்காயப் பூ என்பார்கள். விட்டால் மாசியிலேயே பூத்து ஓய்ந்துவிடும். ஆனால் மலர்க்காட்சி மே மாதத்தில்தான். ஆகவே மழைக்காலம் முழுவதும் கிழங்கை ஈரம் படாமல் காப்பாற்றி, காலம் தப்பி நட்டு, காட்சிக்குச் சரியாகப் பூக்க வைக்க வேண்டும். அப்படிச் சாதிப்பவருக்கு அந்தக் கப். தொடர்ந்து மூன்று வருடம் வென்றால் கப் அவர் வீட்டோடு தங்கிவிடும். சேனாதிபதி இரண்டு வருடம் வென்றிருந்தார்.

"போன வருஷம் ஜெயிச்சது அந்த அம்மா விட்டுட்டுப் போன ஜாதிங்க" என்றார் அவர். "வெள்ளை எதழு, நடுக்கிண்ணத்து விளிம்புல ரோஸ். இந்த மலையில வேற ஒருத்தருட்டயும் கெடையாது. மொத்தமே அஞ்சு கெழங்கு. கார்த்திகையில ஷெட்டைத் தொறந்து பாக்கேன், கெழங்கு வச்ச மணல் பெட்டி காலியாக் கெடக்கு."

"சாவி?" என்றார் குருநாதன்.

"தோட்டக்காரன் மாயன்ட்ட ஒண்ணு, வீட்டு ஆணியில ஒண்ணு. அவனைத் தவிர எவன் எடுப்பான்? ஆளுகளை விட்டு நாலு சாத்துச் சாத்தினேன். ஒத்துக்கிடலை. அன்னிக்கே குடும்பத்தோட வெளிய தள்ளிட்டேன். நேத்து சாயங்காலம் காட்சிக் கொட்டகையில என் ஜாடியை வைக்கப் போனா, அந்த வெள்ளைப் பூ அங்கன டீச்சரம்மா மேசையில நிக்குது! அட்டுவம்பட்டி தமயந்தி. உடனே உங்களுக்கு ட்ரங்க் கால் போட்டேன், மாயனையும் ஸ்டேஷன்ல உக்கார வச்சுட்டேன். அவன்தான் அவங்களுக்குக் கொடுத்தான்னு நீங்க காட்டிட்டாப் போதும். சாயங்காலம் அவன் ஜெயிலுக்கு, கப் எனக்கு."

"வீட்டுக்குள்ள தேடுனீங்களா?"

"ஒரு எடம் பாக்கி இல்லை. கட்டிலுக்கு அடியிலகூட பாத்தேன்."

"அடுப்படி?"

"அங்கன நான் காலே வைக்கிறதில்லைங்க" என்றார், ஏதோ விரதம் காப்பவரைப்போலப் பெருமையாக. "அது பொம்பளைக எடம். இந்தப் பூவுக்காக நான் உயிரையும் கொடுப்பேங்க."

"யார் உயிரைங்க?" என்றேன்.

வாய் சும்மா இருக்காமல் கேட்டதுதான். சேனாதிபதி குலுங்கிச் சிரித்தார். டம்ளர்களை எடுக்க வந்த அவர் மனைவி சிவபாக்கியம் சிரிக்கவில்லை.

கப்புக்கு மேலே சுவரில் ஒரு இளம்பெண்ணின் படம் இருந்தது. அதற்குப் புது மாலை போட்டிருந்தது.

"மகளுங்களா?" என்றார் குருநாதன்.

"ஆமாங்க, கண்மணி. போன மே மாசம் பழனியில பிரசவக் காய்ச்சல்ல போயிட்டா. கப்பைத் தூக்கிப் பாருங்க, நல்ல கனம்."

குருநாதன் கப்பைத் தொடவில்லை. மாலையின் அடியில் விரலை வைத்துப் பார்த்தார். "கடை மாலை இல்லையே?"

"இவ கட்டுறதுதான். பழனியில மாலை கட்டுற வீட்டுப் பொண்ணு. பூவும் நாரும் கீழ இருந்து பஸ்ஸுல வரும். அதை விடுங்க, வெரசா கொட்டகைக்குப் போவோம்."

கொட்டகையில் ரோஜாவும் டேலியாவும் மேசை மேசையாக நின்றன. அவற்றைப் பார்க்க வந்த பட்டுப் புடவைகள் அதைவிட அதிகம். ஓரத்து மேசையில் அந்த வெள்ளை டாஃபடில் ஒற்றைப் பூவாக நின்றது. அழகுதான், ஒப்புக்கொள்கிறேன். அதற்குப் பக்கத்தில் சேனாதிபதியின் இந்த வருட மஞ்சள் பூ கல்யாண வீட்டில் அழைக்காமல் வந்த உறவுக்காரர்போல ஒதுங்கி நின்றது.

குருநாதன் பூவைப் பார்க்கவே இல்லை. குனிந்து, மண்ணுக்கு மேலே துருத்திக்கொண்டிருந்த கிழங்கின் கழுத்தை விரலால் தடவினார். விரலில் கரி ஒட்டியது. முகர்ந்து பார்த்துவிட்டு என் மூக்கருகே நீட்டினார்.

"புகை" என்றேன். "கூடவே பூண்டு. இன்னும் கொஞ்சம் மிளகு போட்டா ரசம் வச்சிரலாம்."

"தண்டைக் கட்டியிருக்கறதைப் பாரு."

தண்டு சாயாமல் இருக்க ஒரு குச்சி நட்டு, வாழைநாரால் கட்டியிருந்தார்கள். நாரும் கறுத்திருந்தது. அதில் வரிசையாகச் சுருக்குகள், எல்லாம் ஒரே இடைவெளியில் இருந்தன.

தமயந்தி நாற்பது வயதுக்காரர், பள்ளிக்கூட ஆசிரியை. எங்களைப் பார்த்ததும் அவர் கைக்குட்டையைக் கசக்க ஆரம்பித்தார்.

"நான் யார்ட்டயும் வாங்கல சார். தை மாசம் ஒரு நாள் மார்னிங் எங்க கேட்ல ஒரு துணி மூட்டை இருந்துச்சு. பிரிச்சா அஞ்சு பல்ப், இந்த நார்ல கோத்துக் கட்டியிருந்துச்சு. அதே நாரைத்தான் குச்சிக்குக் கட்டினேன். நாலு அழுகிப் போச்சு, இது ஒண்ணுதான் பூத்துது. பழைய ஸ்டூடன்ட் யாராவது வச்சிருப்பாங்கன்னு நெனச்சேன்."

"நெனச்சீங்களா, நெனச்சுக்கிட்டீங்களா?" என்றேன்.

அவர் தலை குனிந்தது. "மொட்டு விரிஞ்சதுமே தெரிஞ்சுது சார், இது போன வருஷம் அவர் வச்ச பூன்னு. பேசாம இருந்துட்டேன். எத்தனையோ வருஷமா எனக்கு செகண்ட் ப்ரைஸ்தான்."

பின்னால் நின்ற சேனாதிபதிக்குப் புகையும் பூண்டும் மட்டுமே காதில் விழுந்தன. "வில்பட்டி!" என்று கத்தினார். "அங்கனதான் வீட்டுக்கு வீடு பரண்ல பூண்டு தொங்கும், அடுப்புப் புகையில! மாயன் படுத்துக் கெடந்ததும் வில்பட்டியிலதான். முடிஞ்சுது சோலி!"

சொன்னதில் தப்பில்லை. மலைப்பூண்டைப் புகையில் போட்டுத்தான் காப்பார்கள். கிழங்கும் அதே புகையில் மழைக்காலத்தைத் தாண்டியிருக்கிறது. மாயன் மாட்டிக்கொண்டான் என்றே நானும் நினைத்தேன். குருநாதன் மட்டும் சேனாதிபதியிடம் அவருடைய அம்பாசடரைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

வில்பட்டியில் மாயனுக்கு இடம் கொடுத்தவர் பழனியம்மாள் என்ற பூண்டுக்காரம்மா. எங்கள் காரைப் பார்த்ததுமே இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"அவனைத்தான் பிடிச்சிட்டுப் போயிட்டீங்களே, இனி மாட்டையும் பிடிக்க வந்தீங்களா?"

"மாடு வாயைத் தொறக்காதும்மா, அதனால சந்தேகம்தான்" என்றேன். அவர் முகத்தில் சிரிப்பு வரவில்லை.

மாயன் தங்கிய இடத்தைக் காட்டினார். மாட்டுக் கொட்டகையின் ஒரு மூலையில் கொஞ்சம் வைக்கோல், ஒரு சட்டி. வெளியே திறந்த வெளியில் மூன்று கல் அடுப்பு. அதற்கு மேலே வானம்தான் இருந்தது. அந்தப் புகையில் எதையாவது தொங்கவிட வேண்டுமானால் மேகத்தில்தான் ஆணி அடிக்க வேண்டும்.

"பொண்டாட்டி பிள்ளைக எங்க?" என்றார் குருநாதன்.

"நாச்சியம்மா பிள்ளையைக் கூட்டிக்கிட்டுக் கீழ அவ ஆளுக இருக்கற காட்டுக்குப் போயிட்டா. கார்த்திகை மழையிலய்யா. பச்சைப் பிள்ளை நடுங்கிக்கிட்டே போச்சு. இவன் வேலை கெடைச்சதும் கூட்டியாரேன்னான். திருட்டுப் பட்டம் கட்டுனவனுக்கு எவன் வேலை தருவான்? எங்க மாட்டைப் பாத்துக்கிட்டுக் கெடந்தான்."

"அவன் உங்க அடுப்படிக்குள்ள வருவானா?"

"ராத்திரி நான் பூட்டிட்டுத்தான் படுப்பேன். பகல்ல வாசலோட சரி."

அவர் பரணைக் காட்டினார். பூண்டு கொத்துக் கொத்தாகத் தொங்கியது. குருநாதன் ஒரு கொத்தை இறக்கச் சொல்லி, கட்டைப் பார்த்தார். பூண்டின் காய்ந்த தாளையே முறுக்கிக் கட்டியிருந்தார்கள்.

"நார் போடறதில்லையா?"

"தாளு இருக்கயில நாரு எதுக்குய்யா? இந்தக் குளிருல வாழைக்கு நான் எங்க போவேன்?"

கார் பங்களாவுக்குத் திரும்பியது. எனக்குப் பொறுக்கவில்லை.

"அவன் எடுத்திருந்தா வித்துச் சோறு தின்னிருப்பான். டீச்சர் வீட்டு வாசல்ல சும்மா வச்சுட்டுப் போற அளவுக்கு அவன் என்ன ஜமீன்தாரா? அது போகட்டும், அந்தச் சுருக்கு. காலையில மாலைக்கு அடியில விரலை விட்டுப் பாத்தீங்களே, அங்க இருந்ததும் அதே சுருக்குதானே?"

"அதேதான். புகை இருக்கு, பூண்டு இருக்கு, கீழ இருந்து வந்த நாரு இருக்கு. மூணும் ஒண்ணா இருக்கற அடுப்படி இந்த மலையில எத்தனை இருக்கும் ஆண்டிச்சாமி?"

"சேனாதிபதி காலே வைக்காத அடுப்படி ஒண்ணு இருக்கு" என்றேன்.

பங்களாவின் பின்வாசல் திறந்திருந்தது. சிவபாக்கியம் விறகடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேலே பரணில் வில்பட்டிப் பூண்டு, வாழைநாரில் கோத்து, ஒரே இடைவெளியில் சுருக்குப் போட்டு வரிசையாகத் தொங்கியது. நடுவில் ஒரு சரம் இல்லை. ஆணி மட்டும் இருந்தது.

குருநாதன் அந்த ஆணியைப் பார்த்தார். அந்த அம்மாள் அவரைப் பார்த்தார். கேள்வி கேட்கத் தேவை இருக்கவில்லை.

"காலையிலேயே நெனைச்சேன் தம்பி, நீங்க மாலையைத் தொட்டப்ப" என்றார். "போன வருஷம் காட்சிக்கு ரெண்டு நாள் இருக்கயில பழனியில இருந்து ட்ரங்க் கால் வந்துச்சு. கண்மணிக்குக் காய்ச்சல் ஏறுது, அப்பாவைக் கேக்கறான்னு. 'மொட்டு பாதி விரிஞ்சு நிக்குது, இப்ப நான் எறங்குனா கெட்டுப்போகும், நீ போ'ன்னாரு. போனேன். அவ கண்ணு மூடுற மட்டும் வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்தா. இவரு மறுநாள் வந்து எறங்குனாரு, கையில கப்போட."

அடுப்பில் எதுவோ பொங்கி வழிந்தது. அவர் கவனிக்கவில்லை.

"அந்தக் கெழங்கைத் தீயில போடத்தான் எடுத்தேன். மனசு வரலை. தேடட்டும்னு பூண்டோட பூண்டா மேல கட்டி விட்டேன். எம் பொண்ணு தேடுன மாதிரி இவரும் தேடட்டும். அஞ்சும் இவரு தலைக்கு மேலயேதான் தொங்குச்சு. ஒரு நாள், ஒரே ஒரு நாள், உள்ள வந்து 'நீ சாப்பிட்டியா'ன்னு கேட்டிருந்தாக்கூட கண்ணுல பட்டிருக்கும்."

நான் அழுதுவிடுவேனோ என்று பயமாக இருந்தது. குருநாதன் அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"மாயனை அடிச்சப்ப எங்க இருந்தீங்க?"

அவர் அடுப்பிலிருந்து ஒரு விறகை வெளியே இழுத்தார். பிறகு, "இங்கனதான். கதவைச் சாத்திக்கிட்டேன்" என்றார். "அப்புறம் மனசு கெடந்து அரிச்சுது. டீச்சருட்ட கொண்டு வச்சா பூக்கும், ஊரு பாக்கும், மாயன் திருடியிருந்தா இப்படியா கொண்டு போயி வைப்பான்னு நாலு பேரு கேப்பாங்கன்னு நெனைச்சேன். இப்படித் திரும்பும்னு நெனைக்கலை."

எனக்கு அழுகை போய்க் கோபம் வந்தது. "வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தாப் போதுமேம்மா!"

"சொல்லிட்டு நான் எங்க தம்பி போவேன்?"

அவரையும் காரில் ஏற்றிக்கொண்டு காட்சிக் கொட்டகைக்குப் போனோம். பரிசளிப்புக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். குருநாதன் சேனாதிபதியைக் காருக்குப் பக்கத்தில் அழைத்து, கண்டதை நாலே வாக்கியத்தில் சொன்னார். சிவபாக்கியம் பின்சீட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

சேனாதிபதி மனைவியைப் பார்த்தார். ஏன் செய்தாய் என்று கேட்பார் என நினைத்தேன். அழுவார் என்றுகூட நினைத்தேன். நான் எத்தனையோ கேடிகளைப் பார்த்தவன். ஆனாலும் மனிதர்களைப் பற்றி எனக்கு இன்னும் கொஞ்சம் நல்ல எண்ணம் மிச்சம் இருந்தது.

"அப்படின்னா கெழங்கு எம் பொருள்னு உறுதியாயிருச்சுல்ல?" என்றார். "அடுத்தவன் கெழங்கு. டீச்சரு ஜாடி செல்லாது. சரிதானுங்களே?"

"மாயன்?" என்றார் குருநாதன்.

"அவன் இருக்கட்டும்ங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எம் பொண்டாட்டியே திருடினான்னு வெளிய சொல்ல முடியுமா? குடும்ப மானம் என்னாகறது? ரெண்டு மாசம் உள்ள இருந்தா அவனுக்கு என்ன கொறைஞ்சுபோகும், வேளைக்குச் சோறு கெடைக்கும். நீங்க அவன் பேரையே சொல்லிட்டுப் போங்க."

"நீங்க கண்டுபிடிக்கச் சொன்னீங்க, கண்டுபிடிச்சாச்சு. அதை யார்ட்ட சொல்லணும்கறது என் சோலி" என்றார் குருநாதன். அவர் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதில்லை.

கார்க் கதவு திறந்தது. சிவபாக்கியம் இறங்கினார். கணவர் பக்கம் திரும்பாமல், கடைவீதி வழியாக ஸ்டேஷனை நோக்கி நடந்தார். நாங்கள் பின்னால் ஓடினோம். சேனாதிபதி எங்களைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார், மேடைப் பக்கம் போய்விட்டார்.

ஸ்டேஷனில் அந்த அம்மாள் எல்லாவற்றையும் சொன்னார். அதிகாரி எழுந்து நின்று கேட்டார், நாற்காலி போடச் சொன்னார். கடைசியில் சிரித்தார்.

"என்னங்கம்மா, சொந்த வீட்டுப் பொருளை வீட்டுக்காரம்மா எடுத்து வச்சா அது திருட்டாகுமா? நீங்க வீட்டுக்குப் போங்க. ஏலே, அந்த மாயனை விடுங்கப்பா."

அவ்வளவுதான். அதே ஐந்து கிழங்கு. அவர் எடுத்தால் எடுத்து வைத்தது, இவன் எடுக்காவிட்டாலும் திருட்டு. கசப்புக் கஷாயத்தைக்கூட மடக்கென்று குடித்துவிடலாம், இது தொண்டையிலேயே நின்றது.

மாயன் வெளியே வந்தான். முன்பற்கள் இரண்டு இல்லை. விஷயத்தை நான்தான் அவனுக்குச் சொன்னேன். அவன் அவசரப்படாமல் கேட்டுவிட்டு, சிவபாக்கியத்தின் முன்னால் போய் நின்றான்.

"எடுத்தது நீங்களாம்மா?"

"நான்தான் மாயா. மன்னிச்சிரு."

"அன்னிக்கு நாச்சி உங்க அடுப்படிக் கதவைத் தட்டித் தட்டிக் கதறுனாளே. மழையில பிள்ளையைத் தூக்கிக்கிட்டு எங்கம்மா போவேன்னு. அப்பவும் அது உள்ளதான் தொங்குச்சா?"

அந்த அம்மாள் ஆமாம் என்று தலையசைத்தார்.

"பெத்த பொண்ணைப் பறிகொடுத்தவங்கப்பா" என்றேன், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

"தெரியும்ங்க. கண்மணியம்மா போனப்ப நானும் அழுதேன்" என்றான். "எனக்கும் பொண்ணு இருக்குங்க."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, காட்டுப் பாதை இறங்கும் பக்கமாக நடந்தான். வெளிச்சம் இருக்கும்போதே இறங்க வேண்டும்.

மலர்க்காட்சி நடந்த பூங்காப் பக்கமிருந்து ஒலிபெருக்கி கரகரத்தது. தமயந்தியின் ஜாடி விலக்கப்பட்டது என்றார்கள். டாஃபடில் கப் மூன்றாம் வருடமும் சேனாதிபதிக்கே, இனி நிரந்தரமாக அவருக்கே என்றார்கள். கைதட்டல் ஸ்டேஷன் வாசல்வரை வந்தது.

சிவபாக்கியம் தூணைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"போன வருஷமும் இப்படித்தான் கைதட்டுனாங்களா தம்பி?" என்றார் என்னிடம். "நான் அப்ப கீழ, அவ பக்கத்துல இருந்தேன். எனக்குத் தெரியலை."

"ஆமாம்மா" என்றேன். போன வருடம் நான் மதுரையில் இருந்தேன்.